மின்கருவி ஓடும்போது மங்கும் விளக்கு: இல்ஃபோர்ட் வீடுகளை முன்வைத்து முக்கியக் குறிப்புகள்

லண்டனில் சிட்டி அண்ட் கில்ட்ஸ் 2382 தேர்வுக்குப் படிப்பவருக்கும், தமிழ்நாட்டில் மின் கம்பியாள் உதவியாளர் தேர்வுக்குப் படிப்பவருக்கும் பொதுவான ஒரு கேள்வி உண்டு. மின்வாளோ ஆங்கிள் கிரைண்டரோ ஓடும்போது வீட்டு விளக்கு ஏன் மங்குகிறது? விடையை ஒரே வரியில் எழுதலாம்: விளக்கும் கருவியும் சேர்ந்து பயன்படுத்தும் கம்பிப் பாதையில் மின்தடை இருக்கிறது. அந்தத் தடை எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, இயல்பானதா ஆபத்தானதா என்று பிரித்துச் சொல்பவரே மின்பணியாளர். மதிப்பெண்ணும் அந்த இடத்தில்தான் கிடைக்கும்.

முதலில் எண்கள்

• பிரிட்டனில் வீட்டு இணைப்பின் பெயரளவு மின்னழுத்தம் 230 வோல்ட். ஏற்றம் 10%, இறக்கம் 6% வரை அனுமதி. அதாவது 216.2 முதல் 253 வோல்ட் வரை. ஆதாரம்: மின்சாரப் பாதுகாப்பு, தரம், தொடர்ச்சி ஒழுங்குவிதிகள், 2002. அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ், கூடுதல் குறைவு 1%.

• 1995 ஜனவரி 1 வரை இந்த அளவு 240 வோல்ட், கூடுதல் குறைவு 6%. ஐரோப்பாவோடு ஒத்துப்போகக் காகிதத்தில் எண் மாறியது. தெருவிலிருந்த மின்மாற்றிகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. ஆகவே லண்டனின் இல்ஃபோர்டில் ஒரு சாக்கெட்டில் 242 என்று காட்டினால் அதைக் கோளாறு என்று எழுதிவிடாதீர்கள்.

• இப்போது நடைமுறையில் இல்லாத இந்திய மின்சார விதிகள், 1956-இல் தாழ்வழுத்தத்துக்குக் கூடுதல் குறைவு 6% என்று இருந்தது. இலங்கையில் 230 வோல்ட், கூடுதல் குறைவு 6%.

• பிரிட்டனின் வயரிங் விதிநூலான பி.எஸ். 7671 (18-ஆம் பதிப்பு, 2018) படி பொது வலையமைப்பிலிருந்து இணைப்பு பெறும் வீட்டின் உள்ளே மின்னழுத்த வீழ்ச்சி: விளக்குகளுக்கு 3% (6.9 வோல்ட்), மற்றவற்றுக்கு 5% (11.5 வோல்ட்). இவை தொடர்ந்து ஓடும் சுமைக்கு உரியவை. மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடிக்கு அல்ல.

• இழை பல்பின் ஒளி, மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4-ஆம் அடுக்கைப் பொறுத்து மாறும். மின்னழுத்தம் 3% குறைந்தால் ஒளி சுமார் 10% குறையும். 5% குறைந்தால் சுமார் 16%. சிறிய வீழ்ச்சியைக்கூடக் கண் பிடித்துவிடுவதற்குக் காரணம் இதுதான்.

• ஒளிச் சிமிட்டலில் கண் அதிகம் கூசுவது நொடிக்கு 8.8 தடவை அளவில். சிமிட்டலை அளக்கும் பன்னாட்டுக் கருவியே 60 வாட் இழை பல்பையும் மனிதக் கண்ணையும் மாதிரியாக வைத்துச் செய்யப்பட்டது. 10 நிமிடத்துக்கு எடுக்கும் குறுங்காலக் குறியீட்டின் வரம்பு 1.0, 2 மணி நேரத்துக்கு எடுக்கும் நெடுங்காலக் குறியீட்டின் வரம்பு 0.65.

பகிரும் பாதை: கேள்வியின் உயிர்

• வீட்டுக்குள் மின்சாரம் வரும் வரிசையை மனதில் ஓட்டிப் பாருங்கள். தெருவின் கேபிள், வீட்டுக்குப் பிரியும் சர்வீஸ் கேபிள், மெயின் ஃபியூஸ் உள்ள கட்-அவுட், மீட்டர், மீட்டரிலிருந்து வரும் தடித்த கம்பிகள், ஃபியூஸ் பாக்ஸ், பிறகு தனித்தனிச் சுற்றுகள். கருவி இழுக்கும் மின்னோட்டம் எந்தப் பகுதி வரை விளக்கோடு சேர்ந்து வருகிறதோ, அந்தப் பகுதியில் ஏற்படும் வீழ்ச்சி மட்டுமே விளக்கைப் பாதிக்கும். பிரிந்த பிறகு உள்ள பகுதியில் எவ்வளவு வீழ்ச்சி இருந்தாலும் கருவிதான் சோர்ந்துபோகும்; விளக்குக்கு அதனால் ஒன்றும் ஆகாது.

• இதனால்தான் “மெல்லிய எக்ஸ்டென்ஷன் கேபிளால் கூரை விளக்கு மங்குகிறது” என்பது தவறான விடை. எக்ஸ்டென்ஷன் கேபிள் கருவிக்கு மட்டுமே உரியது. அது சூடாகலாம், கருவி திணறலாம். கூரை விளக்கு மங்கக் காரணம் வேறிடத்தில் இருக்கிறது.

• பிரிட்டன் வீடுகளில் கூரை விளக்குகளுக்கு 6 ஆம்பியர் தனிச் சுற்று. சாக்கெட்டுகளுக்கு 32 ஆம்பியர் ரிங் சுற்று. இரண்டும் ஃபியூஸ் பாக்ஸிலேயே பிரிகின்றன. ஆகவே சாக்கெட்டில் ஓடும் கருவியால் கூரை விளக்கு மங்கினால், வீழ்ச்சி ஃபியூஸ் பாக்ஸிலோ அதற்கு முன்போ இருக்கிறது. மேசை விளக்கு மட்டும் மங்கினால் ரிங் சுற்றைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மேசை விளக்கும் அதே ரிங்கில் செருகப்பட்டது. சோதனைக் கருவியைக் கையில் எடுக்காமலே, வீட்டுக்காரரிடம் “எந்த விளக்கு மங்குது?” என்று கேட்டுப் பாதிக் கோளாறைக் கண்டுபிடித்துவிடலாம்.

• அக்கம்பக்கத்து வீடுகளிலும் மங்கினால் கோளாறோ பலவீனமோ தெருவின் கேபிளில், அல்லது வீடுகள் பகிரும் சர்வீஸ் கேபிளில்.

• ரிங் எங்காவது அறுந்திருந்தால் எல்லா சாக்கெட்டும் வழக்கம்போல் வேலை செய்யும். யாருக்கும் தெரியாது. இரண்டு வழியாக வர வேண்டிய மின்னோட்டம் ஒரே வழியாக வரும், 2.5 சதுர மி.மீ. கம்பி தாங்க வேண்டியதற்கு மேல் தாங்கும். மேசை விளக்கு மங்குவது அதன் ஒரே வெளி அடையாளமாக இருக்கலாம். சோதனை: ஃபேஸ் கம்பியின் இரு முனைகளுக்கு இடையிலும், நியூட்ரலின் இரு முனைகளுக்கு இடையிலும் தடையை அளந்து, பிறகு குறுக்காக இணைத்து ஒவ்வொரு சாக்கெட்டிலும் அளக்க வேண்டும். முதலில் அளந்த இரண்டின் கூட்டுத்தொகையில் கால் பங்கு வந்தால் ரிங் நலமாக இருக்கிறது.

இல்ஃபோர்ட் வீட்டின் தனித்தன்மை

• இல்ஃபோர்ட் 1965 வரை எசெக்ஸ் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த ஆண்டு முதல் லண்டன் ரெட்பிரிட்ஜ் பரோவின் பகுதி. மின்வலையமைப்பை நடத்துவது யூகே பவர் நெட்வொர்க்ஸ். மாதாமாதம் பில் அனுப்பும் நிறுவனம் வேறு. தேர்விலும் தெருவிலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

• செவன் கிங்ஸ், குட்மேஸ் பக்கம் கேமரன் கார்பெட்டும், வாலன்டைன்ஸ், கிரான்புரூக் பக்கம் டபிள்யூ. பி. கிரிக்ஸும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வரிசை வரிசையாக வீடு கட்டினார்கள். அந்த வீடுகளைக் கட்டிய காலத்தில் மின்சாரமே புதுமை. இப்போது அதே வீடுகளில் மாடியில் லாஃப்ட் அறை, பின்னால் நீட்டிய சமையலறை, 9 கிலோவாட் ஷவர், வாசலில் மின்கார் சார்ஜர், தோட்டத்துக் கோடியில் ஒரு பட்டறை. சுமை பல மடங்கு ஏறிவிட்டது. நிலத்தடியில் வரும் சர்வீஸ் கேபிள் சில வீடுகளில் இன்னும் ஈயக் கவசம் போட்ட பழைய கேபிள்தான்.

• ஒட்டி ஒட்டி நிற்கும் இத்தகைய வரிசை வீடுகளில் கவனிக்க வேண்டிய ஒன்று லூப் சர்வீஸ். ஒரு வீட்டுக்கு வரும் சர்வீஸ் கேபிளிலிருந்தே அடுத்த வீட்டுக்கும் இணைப்பு நீண்டிருக்கும். உங்கள் கட்-அவுட்டில் இரண்டு கேபிள்கள் நுழைந்திருந்தால் அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். பக்கத்து வீட்டில் ஷவர் போட்டால் உங்கள் விளக்கு மங்குகிறதா? உங்கள் வயரிங்கைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள். பிரித்துத் தனி இணைப்பு தர வேண்டியது வலையமைப்பு நிறுவனத்தின் வேலை.

• தோட்டத்துப் பட்டறை தனிக் கணக்கு. அங்கே விளக்கும் சாக்கெட்டும் ஒரே கேபிளில் போகும். பகிரும் பாதை வீட்டு ஃபியூஸ் பாக்ஸிலிருந்து பட்டறை வரை நீள்கிறது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2.5 சதுர மி.மீ. செப்புக் கேபிளில் ஒரு மீட்டருக்கு, ஒரு ஆம்பியருக்கு 18 மில்லிவோல்ட் வீழ்ச்சி. 25 மீட்டர் கேபிளில் 10 ஆம்பியர் ஓடினால் 4.5 வோல்ட். விதிக்கு உட்பட்டதுதான். ஆனால் 2 குதிரைத்திறன் ஏர் கம்ப்ரஸர் கிளம்பும்போது சுமார் 55 ஆம்பியர் இழுக்கும். அப்போது வீழ்ச்சி 24.75 வோல்ட், கிட்டத்தட்ட 11%. அங்கே இழை பல்பு இருந்தால் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதே தூரத்துக்கு 6 சதுர மி.மீ. கேபிள் போட்டால் மீட்டருக்கு, ஆம்பியருக்கு 7.3 மில்லிவோல்ட், அதே நொடியில் வீழ்ச்சி 10 வோல்ட்தான். விதி அனுமதிக்கும் மிகச் சிறிய கேபிளைப் போட்டுவிட்டுப் பட்டறைக்காரரைக் கண் கூசவிடுவது நல்ல வேலை அல்ல என்பது என் கருத்து.

எந்தக் கருவி எவ்வளவு இழுக்கும்

• 2000 வாட் ஆங்கிள் கிரைண்டர் ஓடும்போது 8.7 ஆம்பியர். தூண்டல் மோட்டார் உள்ள கம்ப்ரஸர், மேசை மின்வாள் போன்றவை கிளம்பும்போது முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல் 5 முதல் 8 மடங்கு இழுக்கும். மென்தொடக்க வசதி உள்ள கருவியில் இந்த எகிறல் அடங்கிவிடும்.

• மாவு அரைக்கும் வெட் கிரைண்டரும் தூண்டல் மோட்டாரில்தான் ஓடுகிறது. ஆனால் பொதுவாக 200 வாட்டை ஒட்டிய சிறிய மோட்டார். அது ஓடும்போது வீடு முழுவதும் மங்கினால் இணைப்பு நிச்சயம் சரியில்லை. உடனே பார்க்க வேண்டும்.

• கட்டுமான இடங்களில் காணும் மஞ்சள் நிற 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்: நடுவில் எர்த் செய்யப்பட்டது, ஒவ்வொரு கம்பியிலிருந்தும் எர்த்துக்கு 55 வோல்ட்தான். உயிர் காக்க வந்த ஏற்பாடு. 110 வோல்ட் கருவி கருவிப் பக்கம் இரு மடங்கு மின்னோட்டம் இழுத்தாலும், வீட்டுப் பக்கம் அதே வாட்டுக்கு அதே ஆம்பியர்தான். டிரான்ஸ்ஃபார்மரைப் போடும் நொடியில் காந்தமாக்கும் மின்னோட்டம் எகிறி விளக்கு ஒரு முறை சிமிட்டும், பி-வகை பிரேக்கர் விழவும் கூடும்.

• பிரேக்கர் தன் குறித்த ஆம்பியரைப் போல் எத்தனை மடங்கில் உடனடியாக விழும்: பி-வகை 3 முதல் 5 மடங்கு, சி-வகை 5 முதல் 10, டி-வகை 10 முதல் 20.

கெட்டில் சோதனை

• 3 கிலோவாட் கெட்டில் ஒரு நல்ல அளவுகோல். மோட்டாரைப் போல் எகிறாது. சீராக 13 ஆம்பியர் இழுக்கும். சமையலறைச் சுற்றில் கெட்டிலைப் போடுங்கள். வேறொரு சுற்றில், உதாரணமாக மாடி சாக்கெட்டில், செருகி மின்னழுத்தம் காட்டும் மீட்டரை வையுங்கள். கெட்டில் போடும் முன்னும் பின்னும் அளவைக் குறியுங்கள். வேறொரு சுற்றில் அளப்பதால் கிடைப்பது பகிரும் பாதையின் வீழ்ச்சி மட்டுமே.

• 241 வோல்ட் 238 ஆனால்: 3 ÷ 13 = 0.23 ஓம். நல்லது. 241 வோல்ட் 233 ஆனால்: 8 ÷ 13 = 0.62 ஓம். இங்கே நிறுத்திக்கொண்டு ஆளைக் கூப்பிட வேண்டும்.

• ஏன் என்று கேட்டால்: நியூட்ரலும் எர்த்தும் ஒரே கடத்தியில் வரும் டி.என்-சி-எஸ் இணைப்புக்கு வலையமைப்பு நிறுவனங்கள் அறிவிக்கும் உச்சத் தடை 0.35 ஓம். கேபிள் கவசமே எர்த்தாக வரும் டி.என்-எஸ் இணைப்புக்கு 0.8 ஓம், ஆனால் இது ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலான அளவு. ஃபேஸ்-நியூட்ரல் தடை பொதுவாக அதைவிடக் குறைவு. தனி எர்த் கம்பி புதைத்த டி.டி. இணைப்புக்கு 21 ஓம் என்பது வலையமைப்பின் பக்கத்து எர்த் தடை. மங்கும் விளக்கோடு அதற்குத் தொடர்பில்லை. இந்த மூன்று எண்களும் தேர்வில் திரும்பத் திரும்ப வருகின்றன.

• தெருவின் மின்னழுத்தம் தானாகவே ஏறி இறங்கும். ஆகவே ஒரு தடவை அளந்து முடிவுக்கு வராமல் கெட்டிலைப் போட்டு நிறுத்தி மீண்டும் மீண்டும் பாருங்கள். இது வீட்டுக்காரர் செய்யக்கூடிய முதல் கணிப்பு. சான்றிதழில் எழுத லூப் தடை அளக்கும் கருவி வேண்டும். முனைகள் ஜி.எஸ். 38 வழிகாட்டிக்கு உட்பட்டவையாக, வெளியே தெரியும் உலோகம் 4 மி.மீ.க்கு மிகாமல் இருக்க வேண்டும்.

தளர்ந்த திருகு: உயிரைப் பறிக்கும் பகுதி

• இதை ஒருபோதும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு திருகு தளர்ந்து அரை ஓம் தடை ஏற்பட்டிருக்கிறது என்று வையுங்கள். கெட்டில் போட்டால் வீழ்ச்சி 6.5 வோல்ட். விளக்கு கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். ஆனால் ஜூல் விதிப்படி அந்த இடத்தில் எழும் வெப்பம்: 13 × 13 × 0.5 = 84.5 வாட். விரல் நகம் அளவு இடத்தில், பிளாஸ்டிக்குக்கு நடுவில், பெரும்பாலும் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அலமாரியில், பழைய துணிகளுக்கும் அட்டைப்பெட்டிகளுக்கும் பக்கத்தில். வெப்பம் உலோகத்தை ஆக்ஸைடு ஆக்கும், தடை கூடும், வெப்பம் மேலும் கூடும்.

• இந்த வெப்பத்தைப் பிரேக்கர் கண்டுபிடிக்காது, ஏனென்றால் மின்னோட்டம் கூடவில்லை. ஆர்.சி.டி.யும் கண்டுபிடிக்காது, ஏனென்றால் எர்த்துக்குக் கசிவு இல்லை. தேர்வில் இதற்கு “இரண்டும் விழும்” என்று ஒரு விருப்ப விடை கொடுத்திருப்பார்கள். தவறு.

• தொடர் பொறியை உணரும் சாதனம் ஏ.எஃப்.டி.டி. பி.எஸ். 7671-இன் 2022-ஆம் ஆண்டு இரண்டாம் திருத்தத்துக்குப் பின், உயர் ஆபத்துள்ள குடியிருப்புக் கட்டடங்கள், பல குடும்பங்கள் பகிர்ந்து வாழும் வீடுகள், மாணவர் விடுதிகள், முதியோர் இல்லங்கள் ஆகியவற்றில் 32 ஆம்பியர் வரையுள்ள சாக்கெட் சுற்றுகளுக்கு இது கட்டாயம்.

• இயல்பையும் ஆபத்தையும் பிரிப்பது எப்படி? கருவி கிளம்பும் நொடியில் ஒரு முறை மங்கித் தெளிந்தால் தொடக்க மின்னோட்டம், பெரும்பாலும் இயல்பு. கருவி ஓடும் நேரமெல்லாம் மங்கியே இருந்தால் தடை அதிகம். கருவியின் தாளத்துக்குச் சம்பந்தமில்லாமல் விட்டுவிட்டு மினுங்கினால், நாளுக்கு நாள் கூடினால், ஃபியூஸ் பாக்ஸ் பக்கம் மீன் நாற்றம் போல் அடித்தால் அல்லது இரைச்சல் கேட்டால் தளர்ந்த இணைப்பு. மீட்டர் மாற்றிய பிறகோ புது ஃபியூஸ் பாக்ஸ் போட்ட பிறகோ தொடங்கியிருந்தால் அந்த இணைப்புகளை முதலில் பார்க்க வேண்டும்.

• ஊர்ப் பழக்கத்தில் ஸ்டெபிலைசர் வாங்கி வைப்பவர்கள் உண்டு. வெளியே வரும் மின்னழுத்தத்தை அது உயர்த்தும். அதற்காக உள்ளே அதிக மின்னோட்டம் இழுக்கும். தளர்ந்த திருகில் வெப்பம் இன்னும் ஏறும், அடையாளம் மட்டும் மறைந்துவிடும்.

நியூட்ரல் போனால்

• சில விளக்குகள் மங்கி, வேறு சில அதிகப் பிரகாசமாக எரிந்தால் நியூட்ரல் கோளாறு. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீடுகளில் இது ஒரே வீட்டுக்குள் தெரியும். இல்ஃபோர்டில் பெரும்பாலான வீடுகளுக்கு ஒரே ஃபேஸ். ஆகவே ஒரு வீடு மங்கும், வேறு ஃபேஸில் உள்ள அடுத்த வீடு பிரகாசிக்கும். அமெரிக்கப் புத்தகங்களில் ஒரே வீட்டில் பாதி மங்கிப் பாதி பிரகாசிக்கும் என்று படித்திருப்பீர்கள். அது அவர்களுடைய 120/240 வோல்ட் பிரிவு முறைக்கு உரியது. பிரிட்டன் தேர்வில் எழுதக் கூடாது.

• டி.என்-சி-எஸ் இணைப்பில் நியூட்ரல் கடத்தி அறுந்தால் எர்த்தும் சேர்ந்து போகிறது. குழாயைத் தொட்டால் சுர்ரென்று இருக்கும். எதையும் தொடாமல் வெளியே வந்து 105-ஐ அழைக்க வேண்டும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் முழுவதற்கும் 2016 முதல் உள்ள இலவச எண்.

எல்.இ.டி. விளக்கும் சிமிட்டலும்

• நல்ல இயக்கி உள்ள எல்.இ.டி. பல்பு 10% வீழ்ச்சியையும் காட்டாது. மலிவான பல்பு சிறிய அசைவையும் காட்டும். ஆகவே எல்.இ.டி. மங்கவில்லை என்பதால் வயரிங் நலம் என்று பொருள் இல்லை. பழைய இழை பல்பு எச்சரிக்கை மணியாக இருந்தது; 2009 முதல் 2012 வரை படிப்படியாக அது கடைகளிலிருந்து விலக்கப்பட்ட பிறகு இந்தக் கவனம் இன்னும் தேவைப்படுகிறது.

• வேகக் கட்டுப்பாடு உள்ள டிரில் அலைவடிவத்தைக் கெடுக்கும். வீழ்ச்சியே இல்லாமல் எல்.இ.டி.யும் டிம்மரும் அதனால் துடிக்கலாம். பின்முனை வெட்டும் டிம்மரும் தரமான பல்பும் போதும்.

• 50 ஹெர்ட்ஸில் விளக்கு நொடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். சுழலும் வாள் அசையாமல் நிற்பது போலத் தோன்றலாம். பட்டறை விளக்கு குறித்த கேள்விக்கு இது அவசியம்.

யார் பொறுப்பு

• சர்வீஸ் கேபிள், கட்-அவுட், மெயின் ஃபியூஸ்: யூகே பவர் நெட்வொர்க்ஸ். மீட்டர்: மின்சாரம் விற்கும் நிறுவனம். மீட்டரிலிருந்து ஃபியூஸ் பாக்ஸுக்கு வரும் கம்பியும் அதன் பிறகு உள்ள அனைத்தும்: வீட்டு உரிமையாளர். கட்-அவுட்டின் முத்திரையை நீங்கள் உடைக்கக் கூடாது.

• மின்னழுத்தம் பற்றிப் புகார் செய்தால் வலையமைப்பு நிறுவனம் 7 வேலை நாட்களுக்குள் வந்து பார்க்க வேண்டும், அல்லது 5 வேலை நாட்களுக்குள் விளக்கம் தர வேண்டும். தமிழ்நாட்டில் மின்னகம் 94987 94987 (2021 முதல்). இலங்கை மின்சார சபை 1987.

• பார்ட் பி: கட்டட ஒழுங்குவிதியின் மின்பகுதி, 2005 ஜனவரி 1 முதல். பட்டறைக்குப் புதுச் சுற்று இழுப்பதும் ஃபியூஸ் பாக்ஸ் மாற்றுவதும் அறிவிக்க வேண்டிய பணிகள்.

• வாடகை வீடு: 2020-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி 5 ஆண்டுக்கு ஒரு முறையாவது மின்நிலை ஆய்வு. அறிக்கை 28 நாட்களுக்குள் வாடகைதாரர் கையில் சேர வேண்டும். சி1 (ஆபத்து இருக்கிறது), சி2 (ஆபத்து ஏற்படலாம்), எஃப்.ஐ. (மேல்விசாரணை தேவை) குறியீடு இருந்தால் 28 நாட்களுக்குள், அறிக்கை அதைவிடக் குறைந்த காலம் சொன்னால் அதற்குள், மேல்விசாரணையோ சீரமைப்போ முடிய வேண்டும். சி3 என்பது பரிந்துரை மட்டுமே. இல்ஃபோர்டில் வீட்டு உரிமையாளர் தட்டிக்கழித்தால் ரெட்பிரிட்ஜ் கவுன்சிலிடம் முறையிடலாம். விளக்கு எப்போது, எந்தக் கருவியால், எந்த அறையில் மங்கியது என்று தேதியோடு எழுதி, கெட்டில் சோதனையில் கிடைத்த இரண்டு எண்களையும் சேர்த்து, மின்னஞ்சலில் அனுப்புங்கள்.